உயர்தர ஹெட்போன்களின் பாகங்களை வீட்டில் மாற்றுதலும் திருத்துதலும்

உயர்தர ஹெட்போன் என்பது பதிவு செய்யப்பட்ட இசையை இயன்றவரை மாறுதலின்றிக் காதுக்குத் தருவதற்காக உருவாக்கப்படும் ஒலிக்கருவி ஆகும். இவ்வகைக் கருவிகள் பலவற்றில் காது மெத்தை, கேபிள், தலைப்பட்டை, ஒலியை எழுப்பும் டிரைவர் ஆகியவற்றைப் பயன்படுத்துபவரே வீட்டில் கழற்றி மாற்ற முடியும். இந்த வேலைகள் இரண்டு வகைப்படும். தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டு அதே வகைப் புதிய பாகத்தைப் பொருத்துவது பழுதுநீக்கம். கருவி புதிதாக இருந்தபோது தந்த ஒலியை மீட்பது இதன் நோக்கம். வேறு வகைப் பாகத்தைப் பொருத்துவது, உள்ளே ஒலி உறிஞ்சும் பொருளைச் சேர்ப்பது, துளைகளை மூடுவது அல்லது திறப்பது ஆகியவை திருத்தம். ஒலியை மாற்றுவது இதன் நோக்கம்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் பணமும், சில வேளைகளில் கருவியும் வீணாகின்றன. மெத்தை நைந்துபோனதால் ஒலி கெட்டிருக்கும். அதை அறியாமல் விலை உயர்ந்த கேபிள் வாங்குவோர் உண்டு. இக்கட்டுரை பழுதுநீக்கத்தை முதலிலும் திருத்தத்தை அடுத்தும் விளக்குகிறது. ஜெர்மனியின் சென்ஹெய்சர் நிறுவனத்தின் ஹெச்டி 600 வரிசை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

ஹெட்போனின் கதையே ஒரு வீட்டுச் சமையலறையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் கையால் செய்த கேட்பொறிகளை 1910-இல் அமெரிக்கக் கடற்படை ஏற்று வாங்கியது. 1958-இல் ஜான் காஸ் ஸ்டீரியோ இசை கேட்பதற்கான ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். அதன்பின் ஹெட்போன் வானொலி இயக்குநரின் கருவி என்பது மாறி, இசை கேட்பவரின் கருவியானது.

1968-இல் சென்ஹெய்சர் வெளியிட்ட ஹெச்டி 414 திறந்த வகை ஹெட்போன்களுக்கு முன்னோடி. அதன் மஞ்சள் நுரை மெத்தைகளைக் கையால் உருவி எடுத்துப் புதியன போடலாம். இதே நிறுவனம் 1990-களில் வெளியிட்ட ஹெச்டி 580, 1997-இல் வெளியிட்ட ஹெச்டி 600, 2003-இல் வெளியிட்ட ஹெச்டி 650 ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே உடலமைப்பைக் கொண்டவை. இதனால் ஒன்றின் மெத்தையும் கேபிளும் வெளிப்புற வலையும் மற்றொன்றுக்குப் பொருந்துகின்றன. ஹெச்டி 580 வைத்திருந்தவர்கள் அதன் பிளாஸ்டிக் வலையை எடுத்துவிட்டு ஹெச்டி 600-இன் உலோக வலையைப் பொருத்திக்கொள்வது வழக்கமாயிற்று. இந்தப் பொருத்தப்பாடே அவ்வரிசை நீண்ட காலம் புழக்கத்தில் இருப்பதற்கு ஒரு காரணம்.

கருவியின் அமைப்பு

பெரும்பாலான ஹெட்போன்களில் ஒலியை எழுப்புவது இயங்குசுருள் வகை டிரைவர். மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்றின் பின்புறம் தலைமுடியைப் போன்ற நுண்ணிய கம்பியால் ஆன சுருள் ஒட்டப்பட்டிருக்கும். அச்சுருள் ஒரு காந்தத்தின் இடைவெளியில் தொங்கும். சுருளில் மின்னோட்டம் மாறும்போது சுருளும் சவ்வும் முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றன. சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகக் குறுகியது. ஓர் இரும்புத் துகளோ மயிரிழையோ அதற்குள் புகுந்தால் ஒலி கரகரக்கும்.

டிரைவர் மட்டுமே ஒலியைத் தீர்மானிப்பதில்லை. டிரைவருக்கும் காதுக்கும் இடையே அடைபடும் காற்று, மெத்தையின் உயரம், மெத்தை கன்னத்தோடு பொருந்தும் இறுக்கம், டிரைவரின் பின்னால் உள்ள நுரையும் துளைகளும் எல்லாம் சேர்ந்தே இறுதி ஒலியைத் தருகின்றன. குடத்தில் நீர் நிரம்ப நிரம்ப, நீர் விழும் ஓசை மாறுவதை எல்லோரும் கேட்டிருப்போம். அடைபட்ட காற்றின் அளவு மாறினால் ஓசை மாறும் என்பதை அது காட்டுகிறது. ஹெட்போனின் எந்தப் பாகத்தைத் தொட்டாலும் ஏதோ ஓரளவுக்கு இந்தக் காற்று அமைப்பைத் தொடுகிறோம்.

திறந்த வகையில் கிண்ணத்தின் வெளிப்புறம் வலையாக இருக்கும். பின்புற ஒலி வெளியே போய்விடும். மூடிய வகையில் அந்த ஒலி கிண்ணத்துக்குள்ளேயே எதிரொலிக்கும். எனவே உள்ளே வைக்கும் பஞ்சும் கம்பளித் துணியும் மூடிய வகையில் அதிக மாற்றத்தை உண்டாக்கும்.

குறையைக் கண்டறிதல்

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் குறை எங்கே உள்ளது என்பதை உறுதி செய்ய வேண்டும். ஒரு காதில் மட்டும் ஒலி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேபிள் இரு கிண்ணங்களிலும் தனித்தனியாகச் செருகப்படும் கருவியாக இருந்தால் பின்வரும் முறை போதுமானது.

1. இடது கிண்ணத்தில் உள்ள செருகியை வலது கிண்ணத்திலும், வலது கிண்ணத்தில் உள்ளதை இடது கிண்ணத்திலும் மாற்றிச் செருக வேண்டும்.
2. அமைதி மற்ற காதுக்கு மாறினால் கிண்ணமும் டிரைவரும் நலம். குறை கேபிளிலோ பாட்டு வரும் கருவியிலோ உள்ளது.
3. அந்நிலையில் ஹெட்போனை வேறொரு கருவியில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கும் அதே குறை இருந்தால் கேபிளில் பழுது.
4. அமைதி மாறாமல் பழைய காதிலேயே இருந்தால் குறை அந்தக் கிண்ணத்தின் செருகுவாயிலோ டிரைவரிலோ உள்ளது.

அடுத்து மல்டிமீட்டரில் மின்தடையை அளக்கலாம். ஹெச்டி 600 வரிசையின் மின்மறுப்பு 300 ஓம். கிண்ணத்தின் இரு முனைகளுக்கிடையே அதற்கு அருகிலான அளவு காட்டினால் சுருள் அறுபடவில்லை எனக் கொள்ளலாம். மீட்டர் எந்த அளவும் காட்டாவிட்டால் சுருளோ அதற்குச் செல்லும் கம்பியோ அறுந்திருக்கிறது. இரண்டு பக்க அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒலி குறைந்தும் கூடியும் வந்தால் கேபிளைப் பிளக்கின் அருகிலும் செருகியின் அருகிலும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். கேபிள் நடுவில் அறுபடுவது குறைவு. வளையும் முனைகளில்தான் பெரும்பாலும் அறுபடும்.

கரகரப்பு என்பது வேறு குறை. தாழ்ந்த சுருதியில் மட்டும் ஒரு பக்கம் கரகரத்தால், சவ்வின்மேல் தலைமுடி விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். டிரைவர் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடப்படும் கருவிகளில் சில, ஒரு முடியை எடுத்தவுடன் சரியாகிவிடக்கூடியவை.

காது மெத்தையை மாற்றுதல்

முதலில் தேயும் பாகம் மெத்தை. உள்ளிருக்கும் நுரை அமுங்கி மெலிந்தால் டிரைவர் காதுக்கு அருகில் வந்துவிடும். மேலுறை கிழிந்தால் காற்று கசியும். இரண்டும் ஒலியை மாற்றும். செயற்கைத் தோல் உறைகளில் பல பாலியூரித்தேன் பூச்சுக் கொண்டவை. வெப்பமும் ஈரப்பதமும் வியர்வையும் சேரும்போது இப்பூச்சு சிதைந்து கருப்புச் செதில்களாக உதிரும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இது நிகழும். வெல்வெட் போன்ற துணி உறையில் இத்தொல்லை இல்லை. ஆனால் அதில் தூசியும் வியர்வையும் சேரும்.

ஹெச்டி 600 வரிசையில் மெத்தையின் அடியில் பிளாஸ்டிக் வளையம் ஒன்று உண்டு. அது கிண்ணத்தின் விளிம்பில் கொக்கிகளால் மாட்டப்பட்டிருக்கும். ஒரு விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். உள்ளே டிரைவரை மூடியபடி மெல்லிய வட்ட நுரை ஒன்று இருக்கும். அதைத் தூக்கி எறியக் கூடாது. தூசியைத் தடுப்பதோடு ஒலிச் சமநிலையிலும் அதற்குப் பங்கு உண்டு. புதிய மெத்தையைச் சுற்றிலும் அழுத்தி, ஒவ்வொரு கொக்கியும் விழும் ஓசையைக் கேட்டு மாட்ட வேண்டும். ஒரு கொக்கி விழாமல் நின்றாலும் அந்தப் பக்கத்தில் ஒலி மாறும்.

பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770, டிடி 990 போன்றவற்றில் கொக்கி இல்லை. மெத்தையின் பின்புறத்தில் உள்ள துணி மடிப்பு கிண்ணத்தின் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். தலையணைக்கு உறை போடுவதுபோல ஒரு முனையை முதலில் மாட்டிவிட்டு, கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி மீதியை உள்ளே தள்ள வேண்டும். திருப்புளி போன்ற கூரிய பொருளால் தள்ளினால் அது நழுவி டிரைவரைக் குத்திவிடும். விரலோ மழுங்கிய பிளாஸ்டிக் அட்டையோ போதும்.

துணி மெத்தைகளைக் கழற்றியபின் மென்மையான சோப்பு நீரில் கையால் அலசி, பிழியாமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் முழுவதும் உலர்த்தலாம். அரைகுறையாக உலர்ந்த மெத்தையை மாட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

விலை குறைந்த மாற்று மெத்தைகள் இணையக் கடைகளில் நிறைய உள்ளன. வடிவம் பொருந்துவதால் ஒலியும் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. நுரையின் உயரம் சில மில்லிமீட்டர் கூடினாலே வேறுபாடு கேட்கும். காற்றுப் புகும் துணியை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத தோலைப் போட்டாலும் ஒலி வேறாகும். பழுதுநீக்கமே நோக்கம் என்றால் தயாரிப்பாளரின் மெத்தையே வாங்கத் தக்கது.

கேபிளை மாற்றுதல்

ஹெச்டி 600 வரிசையின் கேபிளில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இரண்டு முனைகள் கொண்ட செருகி உண்டு. ஒரு முனை தடிப்பாகவும் மற்றது மெல்லியதாகவும் இருக்கும். இதனால் தலைகீழாகச் செருக முடியாது. கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் செருகியின் உடலைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

டிடி 770 போன்ற ஸ்டூடியோக் கருவிகளில் கேபிள் இடது கிண்ணத்தில் நிலையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். வலது பக்கத்துக்கான கம்பி அங்கிருந்து தலைப்பட்டை வழியாகச் செல்லும். இதில் கேபிள் அறுந்தால் சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும். சிலர் இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக் கிண்ணத்தில் சிறு செருகுவாய் ஒன்றைப் பொருத்தி, இனிமேல் கேபிளைக் கழற்றி மாற்றும்படி செய்துகொள்கின்றனர். ஒலியை மாற்றாமல் கருவியின் ஆயுளைக் கூட்டும் பயனுள்ள திருத்தங்களில் இது ஒன்று. கிண்ணத்தில் துளையிடுவதாக இருந்தால் டிரைவரை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும். உலோகத் தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது கடினம்.

பற்றவைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

ஹெட்போன் கேபிளின் நுண் இழைகள் பல வேளைகளில் வண்ண எனாமல் பூசப்பட்டவை. பார்வைக்குச் செம்பாகவே தெரியும். ஆனால் பூச்சு நீங்காமல் ஈயம் ஒட்டாது. சால்டரிங் அயர்ன் நுனியில் ஈயத்தைச் சற்று அதிகமாக உருக்கி, இழையின் முனையை அதில் சில நொடிகள் வைத்தால் பூச்சு எரிந்து நீங்கும். அப்போது எழும் புகையைச் சுவாசிக்காமல் சன்னல் அருகில் அமர்ந்து செய்ய வேண்டும்.

செருகியின் பிளாஸ்டிக் உடல் வெப்பத்தில் இளகி முனைகள் சாய்ந்துவிடும். அதற்குப் பொருந்தும் ஒரு பழைய செருகுவாயில் செருகி வைத்துக்கொண்டு பற்றவைத்தால் முனைகள் இடம் பெயராது. கருவியின் கிண்ணத்தில் செருகி வைத்துக்கொண்டு பற்றவைக்கக் கூடாது. வெப்பம் உள்ளே பாயும்.

வழக்கமான ஸ்டீரியோ பிளக்கில் நுனி இடப்பக்கத்துக்கும் நடுவளையம் வலப்பக்கத்துக்கும் அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவாகவும் உள்ளன. கம்பியின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பியையும் சோதித்தபின்பே பற்றவைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் இரு கம்பிகளும் இடம் மாறிவிட்டால், ஒரு சவ்வு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் இரு பக்கமும் சிதறிக் கேட்கும். தாழ்ந்த சுருதி மெலிந்துவிடும்.

பேலன்ஸ்டு எனப்படும் நான்கு கம்பி இணைப்பில் இடத்துக்கும் வலத்துக்கும் பொதுவான கம்பி கிடையாது. நான்கு முனை எக்ஸ்எல்ஆர் பிளக்கில் 1, 2 ஆகிய முனைகள் இடப்பக்கத்துக்கும் 3, 4 ஆகியவை வலப்பக்கத்துக்கும் உரியவை. இத்தகைய ஆம்ப்ளிஃபயரில் இருந்து மூன்று கம்பி பிளக்குக்கு மாற்றுவான் செய்து, எதிர்முனைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகக்கூடும்.

கேபிளும் ஒலியும்

விலை உயர்ந்த கேபிள் ஒலியை மேம்படுத்தும் என்ற விளம்பரம் பரவலானது. இதைப் பள்ளிக்கூடத்து ஓம் விதியைக் கொண்டே சரிபார்க்கலாம். 300 ஓம் டிரைவருடன் 0.5 ஓம் தடையுள்ள கேபிள் தொடராக இணைந்தால் ஒலியளவு ஏறத்தாழ 0.014 டெசிபெல் குறையும். 32 ஓம் டிரைவரில் இக்குறைவு ஏறத்தாழ 0.13 டெசிபெல். இவ்வேறுபாடுகள் காதுக்குப் புலப்படும் அளவுக்கு மிகக் கீழே உள்ளன. மின்மறுப்பு மிகக் குறைந்த சில கருவிகளில் மட்டுமே கேபிளின் தடை பொருட்படுத்தத்தக்கது. எனவே அறுந்ததை மாற்ற, நீளத்தைக் குறைக்க, எடையையும் உரசும் ஓசையையும் குறைக்க, வேறு வகைப் பிளக் பெறக் கேபிளை மாற்றலாம். ஒலிக்காக மாற்றத் தேவையில்லை.

டிரைவரைத் துப்புரவு செய்தலும் மாற்றுதலும்

ஹெச்டி 600 வரிசையில் டிரைவர் ஒரு சட்டத்தோடு சேர்ந்த ஒரே தொகுதியாக உள்ளது. கேபிளின் செருகி நேரே இத்தொகுதியில் செருகப்படுவதால் சால்டரிங் இல்லாமலே மாற்றலாம். மெத்தையையும் நுரையையும் எடுத்து, கேபிளைக் கழற்றி, தொகுதியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாழ்களை விடுவித்தால் அது வெளியே வரும். வேறு பல கருவிகளில் மெல்லிய கம்பிகளைப் பற்றுநீக்கிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருக்கும்.

சவ்வைத் துப்புரவு செய்யும்போது வாயால் ஊதுதல், காற்று உறிஞ்சும் இயந்திரம், அழுத்தக் காற்று ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். சவ்வு உட்குழிந்துவிட்டால் சில வேளைகளில் மீளாது. மென்மையான ஓவியத் தூரிகையால் அல்லது பிளாஸ்டிக் இடுக்கியால் முடியை எடுக்கலாம். இரும்பு இடுக்கியைக் கொண்டுபோனால் காந்தம் அதைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். இடுக்கியின் கூர்முனை சவ்வைக் கிழித்துவிடும். வேலை செய்யும் மேசையில் திருகாணியோ கம்பித் துண்டோ கிடக்கக் கூடாது. வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வேலை செய்வது நல்லது.

ஒரு டிரைவர் கெட்டால் ஒன்றை மட்டும் வாங்குவதா, இரண்டையும் வாங்குவதா என்ற கேள்வி எழும். உயர்தரக் கருவிகளில் இடமும் வலமும் ஒத்த டிரைவர்கள் இணையாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த ஒப்புமை கெட வாய்ப்பு உண்டு. மேலும் உற்பத்தி நடந்த ஆண்டுகளில் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கலாம். செலவு கூடினாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே பொருத்தம். இரண்டின் விலை கருவியின் விலையை நெருங்கினால், கருவியையே புதிதாக வாங்குவதைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும்.

தலைப்பட்டை

தலைப்பட்டையின் மெத்தை நைந்தால் மாற்றுவது எளிது. டிடி 990-இன் ஸ்டூடியோ வகைகளில் அது சட்டைப் பொத்தான் போன்ற அழுத்துப் பொத்தான்களால் மூடப்பட்டிருக்கும்.

புதிய ஹெச்டி 600 தலையை இறுக்கிப் பிடிக்கும். உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து இதைத் தளர்த்தலாம். தலையின் அகலத்தைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கின்மேல் ஓரிரவு மாட்டி வைப்பது எளிய முறை. அளவுக்கு மீறித் தளர்த்தினால் மெத்தை கன்னத்தோடு பொருந்தாமல் தாழ்ந்த சுருதி குறையும். மூக்குக் கண்ணாடியின் காம்பும் இதே விளைவைத் தரும்.

பிளாஸ்டிக் விரிசலை ஒட்டும்போது டிரைவர்களைக் கழற்றி வேறு அறையில் வைக்க வேண்டும். உடனே ஒட்டும் பசைகளின் ஆவி அருகிலுள்ள பரப்புகளில் வெண்படலமாகப் படியும். அது சவ்வின்மேல் படிந்தால் நீக்க முடியாது. இரு குழாய்களில் வரும் எபாக்ஸி பசை மெதுவாக இறுகினாலும் வலிமையானது.

ஒலியை மாற்றும் திருத்தங்கள்

இதுவரை கூறியவை பெரும்பாலும் பழைய நிலையை மீட்பவை. இனி வருபவை தயாரிப்பாளர் வகுத்த ஒலிச் சமநிலையை வேண்டுமென்றே மாற்றுபவை.

மெத்தை வகை: கழற்றி மாட்டுவது எளிது என்பதால் பலரும் இதில்தான் தொடங்குகின்றனர். காற்றுப் புகாத தோல் மெத்தை பொதுவாகத் தாழ்ந்த சுருதியைக் கூட்டும். காற்றுக் கசியும் துணி மெத்தை அதைக் குறைக்கும். உயரமான மெத்தை டிரைவரைக் காதிலிருந்து தள்ளி வைப்பதால் மேல் சுருதிகளின் ஏற்ற இறக்கங்கள் இடம் மாறும். நியூயார்க்கின் புரூக்ளினில் தயாராகும் கிராடோ ஹெட்போன்களில் நுரை மெத்தையின் வடிவத்தை மாற்றினாலே வேறு கருவியைக் கேட்பதுபோல் இருக்கும்.

உறிஞ்சும் பொருள்: ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் டி50ஆர்பி, திருத்தம் செய்வோரிடையே பெயர் பெற்றது. இதில் இயங்குசுருளுக்குப் பதிலாக, கம்பித் தடம் பதித்த மெல்லிய தாள் காந்த வரிசைகளுக்கு நடுவே அதிர்கிறது. கிண்ணத்தைத் திருகாணிகளைக் கழற்றித் திறந்துவிடலாம். கிண்ணத்தின் உட்சுவரில் களிமண் போன்ற ஒட்டுப் பொருளைப் பூசிப் பிளாஸ்டிக்கின் அதிர்வைக் குறைத்தல், பஞ்சு வைத்துப் பின்புற எதிரொலியை உறிஞ்சுதல், காற்றுத் துளைகளை ஓரளவு மூடித் தாழ்ந்த சுருதியைச் சீராக்குதல் ஆகியவை வழக்கமான திருத்தங்கள். அமெரிக்காவைச் சேர்ந்த டான் கிளார்க் இக்கருவியைத் திருத்தி விற்கத் தொடங்கி, பின்னர் சொந்தமாக ஹெட்போன் வடிவமைக்கும் நிறுவனத்தை வளர்த்தார்.

ஒத்ததிர்வை அடக்குதல்: 2009-இல் வந்த சென்ஹெய்சர் ஹெச்டி 800-இல் 56 மில்லிமீட்டர் வளைய வடிவ டிரைவர் உள்ளது. அதன் ஒலியில் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மையான எழுச்சி உண்டு. வளையத்தின் நடுவே சிறு உறிஞ்சு அமைப்பைப் பொருத்தி இதைத் தணிக்கும் முறையைப் பயன்படுத்துவோரே உருவாக்கினர். பின்னர் வந்த ஹெச்டி 800 எஸ் மாதிரியில் நிறுவனமும் உறிஞ்சு அமைப்பைச் சேர்த்திருந்தது. திருத்தம் செய்வோர் காட்டிய குறை வீண் குறை அல்ல என்பதற்கு இது சான்று.

நுரையை நீக்குதல்: டிரைவரின் முன்னும் பின்னும் உள்ள நுரையை நீக்கினால் ஒலி தெளிவாகும் என்ற கருத்து உண்டு. நுரை போனால் மேல் சுருதி கூடும். அதுவே தெளிவாகத் தோன்றும். தூசி புகும் வழியும் திறந்துவிடும். கிழித்தெடுத்த நுரையைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் இத்திருத்தத்தைச் செய்யாதிருப்பதே நல்லது.

இந்த விளைவுகளில் பலவற்றை ஈக்வலைசர் மென்பொருளால் செலவின்றிப் பெறலாம். பிடிக்காவிட்டால் ஒரு பொத்தானில் நீக்கிவிடலாம். எனவே பாகத்தை வெட்டும் முன் விரும்பும் மாற்றத்தை ஈக்வலைசரில் சில நாள் கேட்டுப் பார்ப்பது அறிவுடைமை. கூர்மையான ஒத்ததிர்வையும் காற்றுக் கசிவையும் மட்டும் பொருளால் சரிசெய்வதே முறை.

மாற்றத்தைச் சோதித்தல்

ஒலியைப் பற்றிய நம் நினைவு குறுகியது. மெத்தையை மாற்றச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் பழைய ஒலியின் நுட்பம் மறந்துவிடும். உழைத்தோம், செலவழித்தோம் என்ற எண்ணமும் புதியதே நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தூண்டும். மேலும் சற்றே உரத்த ஒலி எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். இவற்றைத் தவிர்க்கச் சில வழிகள் உள்ளன.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். மெத்தையையும் பஞ்சையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

முதலில் ஒரு கிண்ணத்தில் மட்டும் திருத்தம் செய்து, மற்றதை அப்படியே விட்டு, ஒரே ஒற்றைத்தட ஒலியை இரு காதிலும் கேட்டு ஒப்பிடலாம். வேறுபாடு இருந்தால் உடனே தெரியும்.

இட வலச் சமநிலையைச் சோதிக்கப் பழைய ஒற்றைத்தடப் பதிவுகள் மிகவும் உதவும். பாடுபவர் குரல் நெற்றியின் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் மெத்தைப் பொருத்தத்திலோ டிரைவரிலோ வேறுபாடு உள்ளது. நல்ல மிருதங்கப் பதிவில் தொப்பியின் கும்காரம் தாழ்ந்த சுருதியையும் வலந்தலையின் நாதம் மேல் சுருதியையும் ஒருங்கே காட்டும்.

சிறு ஒலிவாங்கியைத் தட்டையான பலகையில் பதித்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, இலவச மென்பொருள் கொண்டு வரைபடம் எடுக்கலாம். இது காதில் கேட்கும் உண்மையான அளவைத் தராது. ஆனால் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டையும் காட்டும். கிண்ணத்தை எடுத்து எடுத்து வைத்து ஐந்தாறு முறை அளந்து பார்க்க வேண்டும். வைக்கும் முறையாலேயே வரைபடம் மாறுவதைக் கண்டால், ஒரே அளவீட்டை நம்பக் கூடாது என்பது விளங்கும்.

முன்னெச்சரிக்கைகள்

கருவி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் திறக்கும் முன் அதன் விதிகளைப் படிக்க வேண்டும். மெத்தையும் கேபிளும் மாற்றுவது கையேட்டில் கூறப்பட்ட வேலையாக இருக்கும். டிரைவரைத் தொடுவது அப்படியன்று.

கழற்றும் ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திருகாணிகளை எடுத்த வரிசையில் சிறு கிண்ணங்களில் வைத்தால் பூட்டும்போது குழப்பம் வராது.

எடுத்த பழைய பாகங்களைப் பெயரெழுதிய உறையில் பாதுகாக்க வேண்டும். திருத்தம் பிடிக்காமல் போனாலும், கருவியை விற்க நேர்ந்தாலும் அவை தேவைப்படும்.

புகழ்பெற்ற மாதிரிகளுக்குப் போலிப் பாகங்கள் புழங்குகின்றன. தயாரிப்பாளரின் விற்பனைப் பிரிவிலோ அங்கீகாரம் பெற்ற கடையிலோ பாக எண்ணைக் கூறி வாங்குவது பாதுகாப்பானது.

வேலை முடிந்து முதலில் கேட்கும்போது ஒலியளவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டும். தவறான இணைப்பால் திடீரென்று பேரொலி எழக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்தைப் பாதுகாப்பு எல்லையாகக் கூறுகிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். திருத்தத்துக்குப் பின் வழக்கத்தைவிட ஒலியைக் கூட்டி வைத்தே கேட்க வேண்டியிருந்தால், தாழ்ந்த சுருதி எங்கோ கசிகிறது என்று கொண்டு மெத்தையின் பொருத்தத்தை மீண்டும் பார்க்க வேண்டும். ஹெட்போனின் பாகங்களுக்கு மாற்று கிடைக்கும். உட்செவியில் அழிந்த உணர்செல்கள் மீண்டும் வளர்வதில்லை.